திரைக்கு முதுகு காட்டியவள்

எட்டு வருஷமாக அந்தத் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். ஒரு படத்தைக்கூட அவள் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. முதுகால் பார்த்திருக்கிறாள், ஏறக்குறைய அறுபது படங்களை.

அது எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற தியேட்டர் இல்லை. இன்னும் வெளியாகாத படங்களை, ஆட்களை வரவழைத்துப் போட்டுக் காட்டுவார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். நூற்றிருபது இருக்கை. மதியம் இரண்டரை மணிக்கு ஒரே ஒரு காட்சி. வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது அவள் வேலை. அதனால் அவளுக்கு டார்ச்சு என்றே பெயர் நிலைத்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்ததும் திரையின் வலது ஓரத்தில், திரைக்கு முதுகைக் காட்டி, ஒரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். அட்டையில் நீளமான காகிதம். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு கட்டம். சிரித்தால் ‘சி’. இருமினால் ‘இ’. எழுந்து போனால் ‘எ’. அழுதால் ‘அ’. மூச்சுக்கூட விடாமல் இருந்தால் ‘மௌ’. அவ்வளவுதான் சார்ட்.

தலையைத் திரை பக்கம் திருப்பக் கூடாது என்பது மேனேஜரின் சட்டம். படத்தைப் பார்க்க ஆரம்பித்தால் ஆளைப் பார்க்க மாட்டாய் என்பார். அவளும் திரும்பியதில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்கிறவள் மாதிரி, வசனத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, கதையை முகங்களிலிருந்து எடுத்துக்கொள்வாள். விளக்கு அணைந்ததும் வெளியே இருந்த வெயில், சாலை, பேருந்துச் சத்தம் எல்லாம் எங்கோ போய்விடும். திரையில் கடல் வந்தால் நூற்றிருபது முகங்களும் நீலமாகும். தீப்பிடித்தால் சிவக்கும். தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டு மேலே மிதக்கிறவர்களைப் பார்ப்பது போல இருக்கும் அவளுக்கு. சில நாள் வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகங்கள் கண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

அந்த மாதம் வந்தது ஒரு ஜாம்பிக் காதல் படம். தியேட்டரில் அதற்குப் ‘பொணப் படம்’ என்று பெயர்.

அவள் முதுகால் தெரிந்துகொண்ட கதை இதுதான். ஒரு நகரத்தில் செத்தவர்கள் எழுந்து நடமாட ஆரம்பிக்கிறார்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் புருஷனும் அப்படி எழுந்துவிடுகிறான். அவனுக்குப் பெயர் தெரியாது, வீடு தெரியாது, அவளையும் தெரியாது. ஆனால் யாரையும் கடிப்பதில்லை. தினமும் கடை வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு ஏதோ நினைவு வருகிறது. கடைசியில் ஒரு மழை நாளில் தன் வீட்டுக் கதவைத் தேடி வந்து தட்டுகிறான்.

முதல் நாள் இடைவேளையில் கூடத்தில் ஒரே சந்தைக்கடை.

“ஏம்மா, அவன் பொணம்தானே? பொணம் எப்படிம்மா பூப் பறிக்கும்?” என்று கேட்டார் ஒரு வழுக்கைத் தலைக்காரர், பக்கத்தில் நின்ற மனைவியிடம்.

“நீங்க உயிரோட இருந்தே பறிச்சதில்ல. அவன் செத்தும் பறிக்கிறான். அதைப் பாருங்க.”

மூன்று கல்லூரிப் பையன்கள் ஏமாந்த முகத்தோடு நின்றார்கள். “கடிக்கவே மாட்டேங்கிறான்டா. நான் கடிப்பான் கடிப்பான்னு காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“தோல் கலர் தப்பு” என்றாள் ஒரு நர்ஸ், பாப்கார்னை மென்றபடி. “அஞ்சு நாள் ஆனா அந்தக் கலர் இருக்காது. ஆனா ஆளு லட்சணமாத்தான் இருக்கான். எங்க வார்டுல உயிரோட இருக்கிறவங்களே இப்படி இல்ல.”

பாப்கார்ன் விற்கும் அக்கா டார்ச்சுவின் காதில் கிசுகிசுத்தாள். “பொணம் கிட்ட வரும்போது ஒரு கை அசையாது, பாக்கெட் அப்படியே நிக்குது. அவ அவனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடும்போது பாரு, கை தானா வாய்க்குப் போகுது. நீயும் உன் சார்ட்டும். என் பாக்கெட்டைப் பார்த்தா போதும்.”

அந்தப் படத்தின் எடிட்டர் கடைசி வரிசையில், சுவர் ஓர இருக்கையில் உட்கார்வார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கல்யாணம் ஆகவில்லை என்று பாப்கார்ன் அக்கா இரண்டாம் நாளே விசாரித்து வைத்துவிட்டாள். காட்சி முடிந்ததும் அவர் டார்ச்சுவிடமிருந்து சார்ட்டை வாங்கி, பரீட்சை முடிவு வந்த பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படிப்பார். பிறகு பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றுவார். ஒன்று அவளுக்கு. முதல் நாள் அவள் வேண்டாம் என்றாள். இரண்டாம் நாளும் அவர் இரண்டு டம்ளரோடு வந்தார். மூன்றாம் நாளிலிருந்து அவளே டம்ளரைக் கழுவி எடுத்து வைத்தாள்.

சார்ட்டில் சொன்னபடி அவர் தினமும் எதையாவது சரிசெய்துகொண்டு வந்தார். நெளிந்த இடத்தில் நெளிவு போயிற்று. ஆனால் கடைசிக் காட்சி மட்டும் பிடி கொடுக்கவில்லை. கதவு திறக்கும். “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்” என்பாள் நாயகி. வயலின் இழையும். உடனே அரங்கம் முழுக்க இருமல். ஏழு நாளும் அந்தக் கட்டத்தில் ‘இ’.

“யாருக்கும் ஜலதோஷம் இல்ல. அப்புறம் ஏன் அங்க மட்டும் இருமறாங்க?” என்று கேட்டார் ஏழாம் நாள்.

“நம்பலைன்னா இருமுவாங்க சார். எட்டு வருஷமாப் பார்க்கிறேன். பொய் சொல்றவங்க முன்னாடி நாமளும் தொண்டையைச் செருமுவோமே, அந்த மாதிரி.”

“அதுல என்ன பொய்?”

“செத்துப்போனவர் வந்து கதவைத் தட்டினா யாராவது ‘எனக்குத் தெரியும்’னு சொல்வாங்களா?”

“நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க?”

அவர் வேலைக்காகத்தான் கேட்டார். அவள்தான் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அவளுடைய புருஷன் லிப்ட் மெக்கானிக். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூறல் போட்ட ஒரு காலையில், கம்பி வளைந்த கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனவர், பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கடிகாரம் வந்தது, செருப்பு வந்தது. குடை மட்டும் வரவில்லை.

“கனவுல வருவார் சார். நனைஞ்சுக்கிட்டு வாசல்ல நிப்பார். நான் அழுது கட்டிப்பிடிக்கணும் இல்லையா? மாட்டேன். ‘இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க? குடை எங்க?’ன்னுதான் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அதேதான். அவர் பதில் சொல்றதுக்குள்ள முழிப்பு வந்துடும்.”

எடிட்டரின் தேநீர் ஆறிப்போனது.

வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும்தான். மாமியார் ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். முப்பது வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, வாங்காத மாதிரியே இருந்தவர். இப்போது அதற்கெல்லாம் சேர்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு குடைக் கொக்கி உண்டு. அதில் ஐந்து வருஷமாக இரண்டு பேரும் எதையும் மாட்டியதில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. மழை வந்தால் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவார்கள், நாற்காலியில் காயப்போடுவார்கள்.

சாயங்காலம் காய் நறுக்கும்போது அன்றைய அரங்கத்தை ஒப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாமியாருக்குச் சாப்பாடு இறங்காது.

“இன்னிக்கு யாரு அழுதா?”

“நாலாவது வரிசையில ஒருத்தர். போலீஸ்காரர் மாதிரி மீசை. அவ பட்டன் போட்டுவிடற இடத்துல மூக்கை உறிஞ்சினார்.”

“போலீஸ்காரன் அழுதா நல்ல படம்தான். அந்தக் கடைசி வரிசைக்காரர் என்ன சொன்னார்?”

“எந்தக் கடைசி வரிசைக்காரர், அத்தை?”

“பிளாஸ்க்.”

டார்ச்சு கத்தரிக்காயில் கண்ணை வைத்துக்கொண்டாள். மாமியார் விடவில்லை.

“நான் ஒண்ணும் கேக்கல. ஒருநாள் போர்டுல ஒருத்தி லைன்ல விழுந்து விழுந்து சிரிக்கிறா. வேலை கிடைச்சிருக்கு போலன்னு நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு, நானும் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்புறம் பார்த்தா அவ அழுதிருக்கா. லைன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். அதனால நான் காதால ஒண்ணையும் முடிவு பண்றதில்ல. நீ நேர்ல கூட்டிட்டு வந்தா பார்த்துச் சொல்றேன்.”

“யாரைக் கூட்டிட்டு வரணும்?”

“பிளாஸ்கை.”

எட்டாம் நாள் காட்சி வழக்கம்போல ஓடியது. நர்ஸ் கூட்டம் ஒன்று, வங்கி ஊழியர்கள் கொஞ்சம் பேர், எங்கிருந்தோ ஒரு பாட்டுக் குழு. கடைசிக் காட்சி வந்தது. முதுகுக்குப் பின்னால் மழைச் சத்தம். கதவு தட்டும் சத்தம். தாழ்ப்பாள். அவள் ‘இ’ போடப் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

“இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?” என்றது நாயகியின் குரல். ஒரு நொடி கழித்து, “குடை எங்க?”

டார்ச்சுவின் பென்சில் கட்டத்துக்கு மேலேயே நின்றது. யாரோ அவள் தலையணையைத் தூக்கிவந்து நடுத்தெருவில் போட்ட மாதிரி இருந்தது. மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு அரங்கம் சிரித்தது. முன் வரிசையில் தொடங்கி, அலை மாதிரிப் பின்னால் போய், சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டார்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் காகிதம் மங்கலாகத் தெரிந்தது. பென்சில் உடைகிற அளவுக்கு அழுத்தி ‘சி’ என்று எழுதினாள்.

அன்றைக்கு டம்ளரைக் கழுவி வைக்கவில்லை. எடிட்டர் கூடத்தின் மூலையில் அவளைத் தேடிப் பிடித்தார்.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“ஆமா. கேட்டிருக்கணும்.”

“அந்த ஷாட்ல அவ முகம் தெரியாது, முதுகுதான். அதனால வேற வசனம் வைக்க முடிஞ்சுது. நேத்து நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் காதுல விழல. நடிகையைக் கூப்பிட்டுப் பேச வெச்சு... நான் செஞ்சது தப்புதான்.”

“சிரிச்சாங்க சார்” என்றாள். “என் வீட்டுக்காரர் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார், நூத்திருபது பேர் சிரிக்கிறாங்க.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “இன்னிக்கே எடுத்துடறேன்.”

அதற்குள் தயாரிப்பாளரின் மச்சான் வந்துவிட்டார். படத்துக்குக் காவலாக அனுப்பப்பட்டவர். எல்லோரும் அவரை மச்சான் சார் என்பார்கள். அவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எடுக்கறது வைக்கறதெல்லாம் நம்ம இஷ்டம் இல்லப்பா. அழ வைக்க வேண்டிய இடத்துல மூணு காட்சி தொடர்ந்து சிரிச்சா கத்திரி. அதுதான் ஒப்பந்தம். இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம். சிரிப்பு விழுந்தா கதவுக் காட்சியே வேண்டாம், அவன் மழையில நடந்து போறதோட முடிச்சுக்கலாம்.”

மறுநாளும் சிரித்தார்கள். மறுநாளும் அவள் மழைச் சத்தம் கேட்டதுமே தலையைக் குனிந்து, சிரிப்பு வரக் காத்திருந்து, ‘சி’ போட்டாள். எடிட்டர் பிளாஸ்கைத் திறக்கவில்லை. “நாளைக்கும் இப்படின்னா போயிடும்” என்றார் மெதுவாக.

“சார்ட் என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க.”

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்று வந்த கனவில் அவர் வாசலில் நிற்கவில்லை. தெருக்கோடியில் நடந்து போய்க்கொண்டிருந்தார். கதவே இல்லாத வீட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் இடம் காட்டிக்கொண்டிருந்தபோது, டார்ச் வெளிச்சத்தில் ஒரு பழக்கமான கைப்பை தெரிந்தது.

“மூணாவது வரிசைன்னு போட்டிருக்கு. கொஞ்சம் பார்த்துக் காட்டும்மா” என்றார் மாமியார், முன்பின் தெரியாதவர் போல.

“அத்தை, நீங்க எப்படி இங்க?”

“பாப்கார்ன்காரி பாஸ் குடுத்தா. ரெண்டு நாளா நீ காயும் நறுக்கல, கதையும் சொல்லல. நான் என்ன பட்டினி கிடக்கணுமா?”

திருப்பி அனுப்ப நேரம் இல்லை. விளக்கு அணைந்துவிட்டது. அவள் ஓரத்தில் போய் நின்றாள். கால் தரையில் பாவவில்லை. மாமியாருக்கு அந்தக் குடையைத் தெரியும். கம்பி வளைந்ததும் தெரியும், வளைத்தது யார் என்றும் தெரியும். மகன் செத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரும் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், குடை எங்கே குடை எங்கே என்று. சுற்றிலும் அரங்கமே சிரிக்க, அந்த அம்மாள் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்கப் போகிறார்.

படம் ஓடியது. பூப் பறித்தபோது மாமியார் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஏதோ கேட்டு அதட்டல் வாங்கினார். பட்டன் போட்டுவிட்டபோது கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பிறகு மழை ஆரம்பித்தது.

வழக்கம்போல டார்ச்சுவின் தலை குனியப் பார்த்தது. குனியவில்லை. மாமியாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை.

தாழ்ப்பாள் சத்தம்.

“இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?”

மாமியாரின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது.

“குடை எங்க?”

முதலில் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. திரையின் வெளிச்சம் மட்டும் அதில் மழையாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு திரையில் என்ன நடந்ததோ, மாமியாரின் வாய் கோணிற்று. தோள் குலுங்கிற்று. சிரித்தார். சத்தமாக, வாய்விட்டு, கழுத்தை நிமிர்த்திச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டிற்று. துடைக்கவும் இல்லை. ஐந்து வருஷத்தில் அந்த முகத்தை டார்ச்சு அப்படிப் பார்த்ததில்லை. நல்ல மழைக்குப் பிறகு கழுவிவிட்ட முற்றம் மாதிரி இருந்தது.

அவள் மற்ற முகங்களைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய நேரத்தில், முதல்முறையாக. இரண்டாம் வரிசையில் ஒரு தடியான ஆள் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார். ஒரு சின்னப் பெண் சிரித்தபடி தன் புருஷன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு வயசானவர் சிரித்துக்கொண்டே, பக்கத்துக் காலி இருக்கையின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தார். கடைசி வரிசைச் சுவர் ஓரத்தில் எடிட்டர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளாக நான் பார்க்கவில்லை, கேட்டேன் என்று அவளுக்கு உறைத்தது. முகம் பார்க்க நிறுத்தப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு காதால் சார்ட் எழுதியிருக்கிறாள்.

பென்சிலைக் கட்டத்தில் வைத்தாள். ‘சி’ போட்டால் கதவு போய்விடும். ‘அ’ போட்டால் பொய். ஐந்து எழுத்தில் எந்த எழுத்தும் அங்கே பொருந்தவில்லை. எட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், வாக்கியமாக எழுதினாள்.

காட்சி முடிந்து விளக்கு போட்டதும் அரங்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தாள். மச்சான் சார் கையை நீட்டிக்கொண்டு வந்தார். “மூணாவது சிரிப்பு. முடிஞ்சுது. குடு.”

அவள் கொடுத்தாள். அவர் உரக்கப் படித்தார். “‘எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். விளக்கு போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.’ என்னம்மா இது, கட்டுரையா? சிரிச்சாங்களா, இல்லையா?”

“சிரிச்சாங்க. நீங்களே திரும்பிப் பாருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். விளக்கு எரிந்தது. மூக்கைச் சிந்துகிறவர் சிந்திக்கொண்டிருந்தார். ஒருவரும் கதவு பக்கம் நகரவில்லை.

“அப்போ முந்தின ரெண்டு நாள்?”

இதைச் சொன்னால் வேலை போகலாம். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். “அந்த ரெண்டு நாளும் நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன் சார். சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எழுதினேன். முகத்தைப் பார்க்கல. அந்த ரெண்டு ‘சி’யும் என் தப்பு.”

மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான் சார் கழுத்தைச் சொறிந்துகொண்டு, “எனக்கும்தான் ரெண்டு நாளா அங்க ஒரு மாதிரி ஆவுது” என்றார், யாரையும் பார்க்காமல். “ஏசின்னு நினைச்சேன்.” பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டார். “சரி. நாளைக்கு இன்னொரு காட்சி. வேற யாராவது சார்ட் பிடிக்கட்டும். நீங்க பிடிச்சா செல்லாது.”

பதினோராம் நாள் மேனேஜர் அவளுடைய டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டார், அட்டையைப் பாப்கார்ன் அக்கா வாங்கிக்கொண்டாள். “என்கிட்ட முன்னாடியே குடுத்திருக்கலாம்” என்றாள். டார்ச்சுவுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பாஸ் எதுவும் கேட்காமல் மறுபடியும் வந்திருந்த மாமியார் கையைத் தட்டிக் கூப்பிட்டார். கடைசி வரிசையில் இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தார். அவள் உட்கார்ந்ததும் தான் எழுந்துகொண்டார்.

“எனக்கு இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல. நான் முன்னாடி போறேன்.”

காலியான இடத்துக்கு அடுத்த இருக்கையில் எடிட்டர் இருந்தார். இருவருக்கும் நடுவில் மாமியாரின் கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

விளக்கு அணைந்தது. திரை விரிந்தது. எட்டு வருஷமாக முதுகில் மட்டும் பட்டுக்கொண்டிருந்த வெளிச்சம் முகத்தில் பட்டதும் அவளுக்குக் கூசிற்று. எவ்வளவு பெரியது. அவள் மனசுக்குள் கட்டி வைத்திருந்த மருந்துக் கடை சின்னது, இருட்டு. இங்கே அது கண்ணாடிக் கதவுகளோடு பளபளத்தது. செத்தவன் அவள் நினைத்த மாதிரி உயரமாக இல்லை. கொஞ்சம் தொப்பைகூட இருந்தது. வீட்டுக் கதவு நீலமாக இருந்தது. அவள் அதைப் பழுப்பு என்றே நினைத்திருந்தாள்.

மழை வந்தது. கதவு திறந்தது. நாயகியின் முதுகு, அதற்கு அப்பால் நனைந்து நிற்கிற அவன்.

“இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க? குடை எங்க?”

செத்தவன் குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். இல்லை. இடது கையைப் பார்த்தான். அதிலும் இல்லை. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பி, தான் நடந்து வந்த அவ்வளவு நீளமான சாலையையும் பார்த்தான். எங்கேயோ வைத்துவிட்டேன் போலிருக்கிறதே என்று திட்டு வாங்கப்போகிற புருஷனின் முகத்தோடு மறுபடி அவளைப் பார்த்தான்.

“அழுக்குக் கையைப் பார்த்து வெட்கப்படற மாதிரி எடுத்த ஷாட் அது” என்று எடிட்டர் இருட்டில் சொன்னார். “உங்க வசனம் வந்ததும், தேட ஆரம்பிச்சுட்டான்.”

ஐந்து வருஷமாக அவள் கனவில் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் கடைசியில் பதில் இதுதான். அவருக்கும் தெரியவில்லை. அவரும் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறார். டார்ச்சுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு மற்றதும் வந்தது. அரங்கம் முழுக்க அலை எழும்பிச் சுவரில் மோதியது. இந்தத் தடவை அவளும் அந்த அலைக்குள்தான் இருந்தாள். யாரோ அவள் கையில் கைக்குட்டையைத் திணித்தார்கள். கைப்பை எப்போதோ கீழே விழுந்திருந்தது.

பாப்கார்ன் அக்கா சார்ட்டில் எழுத்தே போடவில்லை. கடைசிக் கட்டத்தில், ‘யாரும் பாக்கெட்டில் கை வைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். மச்சான் சார் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “கதவு இருக்கட்டும்” என்றார். மேனேஜர் டார்ச்சைத் திருப்பி அவள் கையில் கொடுத்துவிட்டு, “நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்துடு” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. முதல் பெரிய துளிகள் படியில் விழுந்தன. மாமியார் பிளாஸ்டிக் கோட்டைத் தேடிக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். எடிட்டர் பிளாஸ்கை அணைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

மாமியார் அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார்.

“ஏன் தம்பி, மழை வரும்னு காலையிலேர்ந்து சொல்றாங்க. குடை எங்க?”

எடிட்டர் தன் வலது கையைப் பார்த்தார். இடது கையில் பிளாஸ்க் இருந்தது. திரும்பி அரங்கத்தைப் பார்த்தார். “சீட்டுக்கு அடியில வெச்சிருந்தேன்...”

மாமியார் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டார்ச்சு சிரிக்கவில்லை. அவள் பார்வை எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்குப் போயிற்று.

“ஒரு நிமிஷம். எடுத்துட்டு வந்துடறேன்” என்றார் அவர்.

“போயிட்டு...” என்று ஆரம்பித்தவளுக்கு மீதி வார்த்தை வரவில்லை. அவர் உள்ளே போனார். தியேட்டரின் இரட்டைக் கதவு ஆடி ஆடி நின்றது.

மழை வலுத்தது. எதிர்க் கடைகளும் பேருந்து நிறுத்தமும் கரைந்து வெறும் நிறங்களாயின. அவள் மழைக்கு முதுகைக் காட்டி நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டு. யாரோ இருக்கைகளை மடக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். ஈரமான கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. தலைமுடியெல்லாம் தூசியும் பாப்கார்ன் துணுக்குமாக, இருக்கைகளுக்கு அடியில் தவழ்ந்து வந்த கோலத்தில் எடிட்டர் வெளியே வந்தார். கையில் ஒரு கறுப்புக் குடை.

“பின்னாடி உருண்டு போயிருந்துது. ரொம்ப நேரம் ஆயிடுச்சா?”

“இல்ல” என்றாள் அவள். “வந்துட்டீங்க.”

ஒரு குடைக்கு மூன்று பேர் அதிகம்தான். மாமியார் தன் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், சேற்றைத் தாண்டித் தாண்டி. நடந்தபடியே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

“வீட்டுக்கு வந்ததும் அதை நாற்காலியில வைக்காதீங்க, சொட்டும். கதவுக்குப் பின்னாடி கொக்கி இருக்கு.”